காஞ்சியில் பலசாலி யார்?

கபடி ஆடுகிறவன் பலசாலியா, பளு தூக்குகிறவனா, குத்துச்சண்டைக்காரனா? இந்தக் கேள்வியை எந்த ஊர் டீக்கடையில் போட்டாலும் அரை மணி நேரம் பொழுது போகும். காஞ்சிபுரத்தில் போட்டால் ஆயிரத்து நானூறு வருஷம் போகும். ஏற்கெனவே போய்விட்டது. அந்த ஊரை ஆண்ட ராஜாக்களே பயில்வான் பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். எடை பார்த்தது யார், விசில் ஊதியது யார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டவன் கழுத்து எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்திருப்பார்கள்.

முதல் சுற்று ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காஞ்சி மூலையில் பல்லவ ராஜா மகேந்திரவர்மன். மலையைக் குடைந்து கோயில் எடுப்பார், சங்கீதம் தெரியும், நாடகம் எழுதுவார். காஞ்சித் தெருவில் ஒரு குடிகாரக் காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு அல்லாடுவதை ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று எழுதி, சொந்தத் தலைநகரையே சிரிக்கவைத்த ராஜா. அதற்கு நெஞ்சில் பலம் வேண்டும். தோளில் எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம். எதிர் மூலையில் வாதாபியின் சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி. வடக்கே ஹர்ஷரையே நர்மதைக்கு இந்தப் பக்கம் வரவிடாமல் நிறுத்திய ஆசாமி.

மோதினார்கள். யார் ஜெயித்தது? ஐஹோளேயில் 634-ல் ரவிகீர்த்தி என்ற கவிஞர் பாடிப் பொறித்த கல்வெட்டைப் படித்தால், சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அதே கல்வெட்டில் ரவிகீர்த்தி தன்னையும் காளிதாசன், பாரவி வரிசையில் உட்காரவைத்துக்கொள்கிறார் என்பதை நீதிமன்றம் குறித்துக்கொள்ளலாம். பல்லவர் தரப்புக் காசக்குடிச் செப்பேட்டைப் படித்தால், மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கிய எதிரிகளைத் துவம்சம் செய்தார். எந்த எதிரி? பெயரைக் காணோம். புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்து ஊர். எதிரியை வாசல்வரை வரவிட்டுத்தான் துவம்சம் செய்திருக்கிறார் என்பதை மட்டும் நாம் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சுற்றுக்கு மகன் நரசிம்மவர்மன் வந்தார். மாமல்லன். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்த மூன்று தலைமுறைக்கு இவர் என்றால் அகன்ற மார்பு, திரண்ட புஜம், எண்ணெய் மின்னும் தேகம். ஆனால் யாரை, எந்தக் கோதாவில், எந்தப் பிடியில் மண்ணைக் கவ்வவைத்தார் என்று தேடினால், செப்பேடுகள் திடீரென்று மௌனவிரதம் பூணுகின்றன. ஒரே ஒரு மல்யுத்த வர்ணனைதான் உருப்படியாகக் கிடைக்கிறது. அது கூரம் செப்பேட்டில். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் போர்களில் புலிகேசி முதுகு காட்ட, அந்த முதுகையே பட்டயமாக்கி நரசிம்மவர்மன் ‘விஜய’ என்று எழுதினாராம்.

இங்கேதான் நான் ஆட்சேபிக்கிறேன். மல்யுத்தத்தில் எதிராளியின் முதுகு மண்ணில் பட வேண்டும். ஓடும்போது தெரிகிற முதுகுக்குப் புள்ளி கிடையாது. அதை வேண்டுமானால் ஓட்டப்பந்தயக் கணக்கில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் முதலில் வந்தவர் புலிகேசி. மேலும் இந்த வர்ணனையைப் பொறிக்கச் சொன்னவர் மாமல்லனின் பேரன் பரமேசுவரவர்மன். தாத்தா ஆடிய ஆட்டத்துக்குப் பேரன் வர்ணனையாளர் என்றால், இன்றைய கிரிக்கெட்கூடக் கொஞ்சம் கூச்சப்படும்.

எதிரணியும் யோக்கியமில்லை. அந்தக் காலத்தில் இரண்டு நாட்டையும் சுற்றிப் பார்த்த ஒரே வெளியூர்ப் பார்வையாளர் சீனத் துறவி யுவான் சுவாங். காஞ்சிக்காரர்களைப் பற்றி, தைரியசாலிகள், நேர்மையானவர்கள், படிப்பில் ஆசை உள்ளவர்கள் என்று நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். வெயிலைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். அதில் இன்றுவரை திருத்தம் தேவைப்படவில்லை. புலிகேசியின் நாட்டைப் பற்றி அவர் எழுதியதுதான் சுவாரசியம். அங்கே அரசன் சில நூறு வீரர்களைத் தனியாக வளர்க்கிறான், போருக்குப் புறப்படுமுன் அவர்களுக்கு மதுவை ஊற்றுகிறான், ஒவ்வொருவனும் பத்தாயிரம் பேருக்குச் சவால் விடுகிறான். யானைகளுக்கும் ஊற்றுகிறார்கள். வீரனுக்கு ஊக்கமருந்து கொடுத்த அணிகளை உலகம் பார்த்திருக்கிறது. யானைக்கும் கொடுத்த அணி இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த யானையிடம் சோதனைக்குச் சிறுநீர் பிடிக்கப் போகிற அதிகாரியை நினைத்துப் பாருங்கள்.

அப்படியும் தோற்றார்கள். 642 வாக்கில் வாதாபி விழுந்தது. மாமல்லன் பெயரை வாதாபிப் பாறையிலேயே வெட்டிவைத்துவிட்டு வந்தார்கள். உண்மையில் கோட்டையை நொறுக்கியது யார்? பெரியபுராணத்தைக் கேட்டால் தளபதி பரஞ்சோதி என்கிறது. திருச்செங்காட்டங்குடிக்காரர், வைத்தியமும் வடநூலும் யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றவர். வாதாபியைத் தூளாக்கி, மணிகளும் யானைகளுமாக ஓட்டிக்கொண்டு வந்து ராஜாவின் முன்னால் நிறுத்தினார். “இவரோ சிவனடியார் ஆயிற்றே” என்று அமைச்சர்கள் சொன்னதும் ராஜா பதறிப்போனார். அடியாரைப் போருக்கு அனுப்பிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டு, பொன்னும் பொருளும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். முன்கூட்டிய ஓய்வு. தளபதி சிறுத்தொண்டர் ஆனார். பட்டம் மாமல்லனிடமே தங்கியது. காஞ்சிபுரத்துப் பலப்போட்டிகளின் விதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது: தூக்குகிறவன் ஒருவன், பெயர் வாங்குகிறவன் இன்னொருவன்.

புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் சும்மா இருப்பாரா? காஞ்சியைப் பிடித்தார். 674-ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேட்டில், மகாமல்லன் குலத்தை நசுக்கியதால் தனக்கு ‘ராஜமல்லன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டார். பதக்கத்தைப் பறித்தது போதாதென்று அதன் மேல் தன் பெயரையும் எழுதிய கதை. பல்லவர் பதில் அதே கூரம் செப்பேட்டில் இருக்கிறது. லட்சக்கணக்கான படையோடு வந்த விக்கிரமாதித்தனைப் பரமேசுவரவர்மன் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடவைத்தாராம். ராஜமல்லன், கந்தலில். கோமணப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்த ராஜசிம்மன் சண்டைக்கு அதிகம் மெனக்கெடவில்லை. கைலாசநாதர் கோயிலைக் கட்டி, சுற்றிலும் இருக்கும் சின்னச் சின்னச் சன்னிதிகளில் தன் பட்டங்களை வரிசையாக வெட்டிவைத்தார். இருநூறுக்கும் மேல். இவ்வளவு நீளமான சுயவிவரக் குறிப்போடு யாராவது இன்று வேலைக்கு விண்ணப்பித்தால் சந்தேகப்பட்டே திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் பிறகு வந்த இரண்டாம் நந்திவர்மன் பெயர் பல்லவமல்லன். வாரிசு இல்லாமல் சிம்மாசனம் காலியானபோது, தூரத்துப் பங்காளி வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர். அப்போது வயது பன்னிரண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்துச் சிற்பங்களில் முழுக் கதையும் வரிசையாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு வயதில் ராஜா, பெயரில் மல்லன். சப்-ஜூனியர் பிரிவு என்று எங்கேயாவது ஓரத்தில் குறித்திருக்கக் கூடாதோ?

அவர் காலத்தில் இரண்டாம் விக்கிரமாதித்தன் வந்து காஞ்சியை ஜெயித்தார். ஜெயித்தவர் கைலாசநாதர் கோயில் பொன்னைப் பார்த்தார், மயங்கினார், எல்லாவற்றையும் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்தார். கோயில் தூணிலேயே கன்னடத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுத் தகராறில் பண்பாக நடந்துகொண்ட ஒரே ஆட்டக்காரர் இவர்தான். இவருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கதை எழுத நம்மில் யாரும் இல்லை.

கல்வெட்டில் எழுதினால் பலம் ஆகிவிடுமா? தராசு வேண்டும். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-ல் ஒரே மூச்சில் 267 கிலோவைத் தோளுக்குத் தூக்கி அங்கிருந்து தலைக்கு மேல் நிறுத்தினார். உலகத்திலேயே அதிகம். ஆனால் அவர் எடையே நூற்றெழுபது கிலோவைத் தாண்டும். துருக்கியின் நைம் சுலைமானோக்லு ஐந்தடிகூட இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் 60 கிலோ பிரிவில் 190 கிலோ தூக்கினார். தன்னைப்போல் மூன்று பேருக்கு மேல். நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கும்போது ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. காஞ்சியிலிருந்து சத்துவாச்சாரிக்கு பஸ்ஸில் போய்விடலாம். ஆயிரத்து முந்நூறு வருஷம் தாமதம் ஆனாலும், பாலாற்றங்கரைக்கு நடுவர் கையெழுத்திட்ட ஒரு பலப் பதிவேடு கிடைத்துவிட்டது.

இதில் யார் பெரியவர்? தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும், உடல் எடையோ எட்டு மடங்காகும். அதனால்தான் மொத்தக் கணக்கில் பெரிய ஆள் ஜெயிக்கிறான், தன் எடைக் கணக்கில் சின்ன ஆள் ஜெயிக்கிறான். அதோடு வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் தசை இழை ஒன்று, மெதுவாகச் சுருங்கி நாளெல்லாம் தாங்கும் இழை ஒன்று. பளு தூக்குகிறவனுக்கு முதலாவது, மாரத்தான் ஓடுகிறவனுக்கு இரண்டாவது. ஒருவனை இன்னொருவன் களத்தில் இறக்கினால் இருவருக்குமே மானம் போகும். மூளையும் நரம்பும் பழகிய அசைவில்தான் உடம்பு முழுப் பலத்தையும் காட்டும். ஆக எந்தத் தராசு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பட்டம் கொடுக்க வேண்டும்.

காஞ்சியில் இந்தத் தராசுப் பஞ்சம் இல்லை. அசையாமல் இருப்பதற்கு ஒரு போட்டி வைத்தால் போதிதர்மர் இருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்கின்றன சீன ஏடுகள்; காஞ்சிப் பல்லவ இளவரசர் என்கிறது நம் பாசம். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு, சீனர்களுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தது நாம்தான் என்று காஞ்சி இளைஞர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அவர் பெயரில் உலவும் உடற்பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டில் யாரோ எழுதி அவர் தலையில் கட்டியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பழைய கதைப்படி அவர் செய்த பயிற்சி ஒன்றுதான்: சுவரைப் பார்த்து ஒன்பது வருஷம் உட்கார்ந்தார். கால் மரத்து, சூம்பி, கழன்றே போனதாக ஜப்பானியர் கதை கட்டி, காலில்லாத தாருமா பொம்மை செய்து விற்கிறார்கள். வாரத்தில் கால் பயிற்சி நாளை மட்டும் தவறாமல் ஏமாற்றுகிற ஜிம் தம்பிகளுக்கு இவரே குலதெய்வம்.

பிடியின் வலுவுக்குப் போட்டி வைத்தால் அம்மன் பக்கத்தில் யாரும் வரமுடியாது. கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தபோது மணல் லிங்கம் கரையாமல் இருக்க அம்மன் இறுக்கிக் கட்டிக்கொண்டதில் வளைத் தழும்பு சுவாமி மேலேயே பதிந்துவிட்டது. ஏகாம்பரநாதருக்குத் ‘தழுவக் குழைந்தார்’ என்றே பெயர் வந்துவிட்டது. இருபுறமும் குடம் தூக்கி நடக்கும் போட்டி என்றால் ராமானுஜர். ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளை, வேதாந்தப் பாடத்தில் குருவோடு தகராறு செய்துவிட்டு, தினமும் சாலைக் கிணற்றிலிருந்து வரதராஜருக்குத் தீர்த்தம் சுமந்தார். தத்துவ வரலாற்றில் தோளில் காய்ப்பு ஏறியவர்கள் குறைவு. அவருடைய சம்பிரதாயத்தில் வந்த வடகலையாரும் தென்கலையாரும் அதே கோயிலில், யார் முன்னால் நின்று பாடுவது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்றத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாக்குப்பிடிக்கும் சக்தியில் மாரத்தான்காரர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

எறிதல் பிரிவுக்கு ஒரு வெளிநாட்டு வீரர். 1780 செப்டம்பர். மகேந்திரவர்மன் துவம்சம் செய்த அதே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் துவைத்துக் காயப்போட்டார்கள். உதவிக்குப் போகவேண்டிய ஹெக்டர் மன்ரோ, பக்சாரில் ஜெயித்த பெரிய தளபதி, காஞ்சிபுரத்தில் இருந்தார். பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரம். சேதி வந்ததும் தன் கனமான பீரங்கிகளை ஊர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையைப் பார்க்கப் பின்வாங்கினார். குண்டு எறிதல் ஒலிம்பிக்ஸில் இருக்கிறது. பீரங்கி எறிதலில் காஞ்சிச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

போதும் விளையாட்டு. நிஜப் போட்டியாளர்கள் இரண்டே தரப்பு.

வைகாசி பிரம்மோத்ஸவம் மூன்றாம் நாள் விடியற்காலை, வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் கிளம்புவார். வாசலில் ஒரு கணம் குடையால் மறைத்துத் தொட்டாசாரியார் சேவை; சோளிங்கபுரத்திலிருந்து வரமுடியாமல் அங்கேயே உருகிய பக்தருக்காக அந்த ஒரு கணம். அப்புறம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் போய்த் திரும்ப வேண்டும். கூட்டம் மேலே பார்க்கும். நீங்கள் கீழே பாருங்கள். வாகனத்தின் கீழே ஸ்ரீபாதம் தாங்கிகள். மரம், உலோகம், விக்கிரகம், நகை, பூ, மேலே நிற்கும் பட்டர்கள், குடைக்காரர்கள், எல்லாக் கனமும் நீளத் தண்டுகள் வழியாக இவர்கள் தோளில் இறங்குகிறது. பளு தூக்குகிறவன் தலைக்கு மேல் சில நொடி நிறுத்தினால் வெள்ளை விளக்கு எரியும், கீழே போட்டுவிடலாம். இவர்கள் கீழே போட முடியாது. போட்டால் ஊரே சாந்தி ஹோமம் செய்யும். சும்மா நடப்பதும் இல்லை. மேளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக அசைந்து ஏசல் காட்டுகிறார்கள். தண்டு தூக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்தில் இருப்பவனைவிட இரண்டு விரல் உயரம் கூடினால் கனம் முழுவதும் உயரக்காரன் தோளில் வந்து உட்காரும். குள்ளன் தண்டைத் தொட்டுக்கொண்டு புண்ணியம் மட்டும் சேர்ப்பான். அதனால் ஜோடி பார்த்துத்தான் நிற்க வேண்டும். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் ஜோடி மாறிவிடும், கனமும் மாறிவிடும். மாட்டுப்பொங்கல் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வரை சுமார் இருபது கிலோமீட்டர் எழுந்தருளப்பண்ணுவதும் இந்தத் தோள்கள்தான். மலையும் ஏற வேண்டும்.

இன்னொரு தரப்பு உட்கார்ந்திருக்கிறது. குழித்தறியில், இடுப்புக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படாத கால்களோடு. கால் மிதியை அழுத்தினால் பாவு வாய் திறக்கும், கை நாடாவை ஓட்டும், பலகையை இழுத்து ஊடையை அடிக்கும். கால் மாறும், மறுபடி. ஒரு அங்குலத்துக்கு ஐம்பது ஊடை என்று குறைத்து வைத்தாலும், ஆறு கஜத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு தடவை இந்த மூன்றும் நடக்க வேண்டும். கோர்வைச் சேலை என்றால் இன்னும் மோசம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, எதிர்ப்பக்கம் கையில் வாங்கித் திருப்பிவிட இன்னொரு ஆள். இருவர் கையும் ஒரு தாளத்தில் ஓடவில்லையென்றால் உடலும் கரையும் சேருமிடம் பல்லைக் காட்டும். அடியிலும் கூடக்குறைய இருக்கக்கூடாது. காலையில் பத்து பலத்தோடு அடித்துவிட்டு, சாயங்காலம் களைத்துப்போய் ஏழு பலத்தோடு அடித்தால், சேலை வாங்க வருகிற அத்தை அந்த வித்தியாசத்தைத் தடவியே கண்டுபிடிப்பாள். பத்தாயிரம் தடவை ஒரே பலத்தில் அடிக்கச் சொல்லும் போட்டி எந்த ஒலிம்பிக்ஸிலும் இல்லை.

நெசவுக்காரர்களைப் பூஞ்சை உடம்பு என்று நினைக்கிறவர்கள் சோழர் கல்வெட்டுகளைப் புரட்டலாம். கைக்கோளர் படைகள் அங்கே பெயரோடு நிற்கின்றன. தறியில் உட்கார்ந்த அதே சமூகத்தின் தோள்கள்தான் வாளும் பிடித்தன. ராஜா பேருக்கு மல்லன் என்று போட்டுக்கொண்ட ஊரில், அந்தப் பெயருக்கான வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி.

ஆகவே தீர்ப்பு. மொத்த எடையில் லாஷா, தன் எடைக் கணக்கில் நைம், தொண்டை மண்டலத்தில் சதீஷ். இதில் வாதமே இல்லை. மாமல்லன் பட்டம் நரசிம்மவர்மனிடமே இருக்கட்டும், வாதாபி வரை போய்வந்த படிக்காக. குழுப் பிரிவில் முதலிடம் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு. தனிநபர் பிரிவில் நெசவாளிக்கு. ஆட்சேபம் உள்ளவர்கள் கோர்வைச் சேலை ஒன்றைச் சொந்தக் கையால் நெய்து முடித்து, அந்த அத்தையிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்கு வரலாம்.